தேதிக் கட்டத்தின் அகலம்

ஒட்டங்குளத்து ஆட்கள் அத்தனை பேரும் ஜூன் மாதம் ஒண்ணாம் தேதி பிறந்தவர்கள். அப்பனும் அன்றைக்குத்தான், மகனும் அன்றைக்குத்தான், வரப்புச் சண்டையில் இருபது வருசமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பங்காளிகளும் அன்றைக்குத்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனால் அய்யாத்துரை சார் அதன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு அஞ்சு வயசு, தொடாவிட்டால் அடுத்த வருசம் வா. தொட்ட பிள்ளைக்கெல்லாம் அஞ்சு வருசத்துக்கு முந்தின ஜூன் ஒண்ணு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்படித்தான் அந்த ஊரில் வயசு என்பது கையின் நீளமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்து மணி, நிமிசத்தோடு சீட்டு வாங்கி வந்த இப்போதைய சிறுசுகள் மட்டும்தான் வேறு வேறு தேதியில் பிறந்தன.

மாடத்தியும் கை எட்டி அஞ்சு வயசானவள்தான். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது இருபத்து மூன்றோ இருபத்து நாலோ. பதினோரு மாசக் கைக்குழந்தை செண்பகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேசன் கடையை ஒட்டின ஒற்றை அறையில் ஜெயசீலி அக்கா நடத்துகிற இ-சேவைக் கடைக்குக் காலையில் போவாள், கூட்டிப் பெருக்குவாள், ஸ்கேனர் கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள், ஜனங்கள் கொண்டுவருகிற தாள்களை ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டு ஏற்றுவாள், சாயங்காலம் திரும்புவாள். யாராவது நேருக்கு நேர் பேச்சுக் கொடுத்தால் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஜெயசீலி அக்கா என்றால் மாடத்திக்கு உயிர். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் மவுசு செத்து இரண்டு வருசம், படம் படமாய் வருகிற திரையும் அதோடு போய்விட்டது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற அக்காவின் தம்பிதான் டெர்மினலில் ஓடுகிற பைல் மேனேஜர் ஒன்றைப் போட்டுக்கொடுத்துப் போயிருந்தான். அது ஒரு கருப்புத் திரை, அதில் வெள்ளெழுத்தில் மேலிருந்து கீழே பைல்களின் பேர், பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். மற்ற ஊர்க் கடைக்காரர்கள் பார்த்தால் ஓடிப்போவார்கள். அக்காவோ ஒரு கை விரலால் அந்தப் பட்டியலில் மேலே ஏறி, கீழே இறங்கி, போல்டருக்குள் நுழைந்து, வெளியே வந்து, கோலம் போடுகிறவள் புள்ளி பார்க்காமல் இழையை இழுக்கிற மாதிரி வேலை செய்வாள். மாடத்தி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த விரல் எந்த எழுத்தில் விழுகிறது, அதற்குத் திரை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்கும் மனசில் பதிந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு வம்பு இருந்தது. மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் காட்டும். ஆடி மாசத்தில் ஒருநாள் சமுத்திரம் அண்ணாச்சி வந்து, தன் மனுவை எப்போ ஏற்றினது என்று கேட்டார். அக்கா கட்டத்தைப் பார்த்து ஜூன் ஏழு என்று சொல்லிவிட்டாள். அது ஜூலை ஆறு. அண்ணாச்சி இரண்டு பஸ் மாறித் தாலுகா ஆபீசுக்குப் போய், அந்தத் தேதியில் ஒன்றுமே வரவில்லை என்று திட்டு வாங்கித் திரும்பி வந்து, வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"எப்போன்னுதானம்மா கேட்டேன்? எப்போ, எப்போன்னு மூணு மட்டம் கேட்டேன்லா? ஒரு எப்போக்குப் பதில் சொல்லத் தெரியாத மிசினை வச்சிக்கிட்டு எதுக்கு இங்க உக்காந்திருக்கே?"

அவர் போனதும் அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் சொல்லச் சொல்ல, திரை எதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு எழுதி வைத்திருக்கிற பைலைத் திறந்து, தேதிக் கட்டத்துக்கு உண்டான வரியைத் தேடிப் பிடித்தாள். அதில் மேற்கோள் குறிக்குள்ளே சதவீதக் குறியும் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் எழுத்துமாய் மூணு சோடி இருந்தது.

"ஒவ்வொரு சோடியும் ஒண்ணு கேக்குதுக்கா. இது நாளைக் கேக்குது, இது மாசத்தை, இது வருசத்தை. எடத்தை மாத்திப் போடு, மாறிக்கிடும். தெரியாத எழுத்தை அடிச்சா அது அப்படியே எல்லா வரியிலும் வரும், அவ்வளவுதான். ஒண்ணும் கெட்டுப்போகாது."

அக்கா நாளை முன்னுக்குக் கொண்டுவந்தாள், மாதத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூணையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு சதவீதக் குறியைப் போட்டு, அதன் பக்கத்தில் தமிழிலேயே 'எப்போ' என்று அடித்தாள். கட்டத்தின் அகலத்துக்கு முப்பது என்று கொடுத்தாள், சேமித்தாள், பட்டியலைத் திறந்தாள்.

எல்லா வரியிலும் 'எப்போ' என்றுதான் வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. சமுத்திரம் அண்ணாச்சியின் பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு நேரே, 'கம்மாய் உடைஞ்சு பதினோராம் நாள்' என்று வந்திருந்தது. அதற்கடுத்த வரி அவர் பெண்சாதி கோமதியம்மாளுடைய சான்றிதழ். அதற்கு நேரே, 'கம்மாய் உடைஞ்ச அன்னைக்கு' என்று இருந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பிறந்த நேரம் சொல்லுது மாடத்தி," என்றாள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். மாடத்தியும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஊர் வந்தது. எப்படி வந்தது என்றால், ரேசனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றால் எப்படி வருமோ அப்படி வந்தது. ஒருவரும் அதிசயப்படவில்லை, வரிசை எது, முன்னால் வந்தது யார் என்பதில்தான் சச்சரவு. தாளை வைத்தவர்களுக்கு அவரவர் வரி வந்தது: 'உளுந்துல தூறல் விழுந்த நேரம்.' 'கோயில் கொடை, மேளம் நின்ன நேரம்.' 'கறவை மாடு கன்னு போட்ட மறுநாள்.' ஒன்றிலும் வருசம் இல்லை, மணி இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்தால் மட்டும், சீட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே திருப்பிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. எழுதி வைத்திருப்பதை மறுபடி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அதற்கும் தோன்றியிருக்கும்.

கோமதியம்மாளுக்குப் புருசனைவிடத் தான் பதினோரு நாள் மூத்தவள் என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் சட்டம் மாறிவிட்டது. முப்பத்தொரு வருசம் அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவள், அன்றைக்கு முதல் இலையில் உட்கார்ந்துகொண்டு, "எலே தம்பி, அக்காவுக்கு அந்த ரசத்தை இங்கிட்டுத் தள்ளு," என்றாள். தெருவே சிரித்தது. சமுத்திரம் அண்ணாச்சி முறைத்துப் பார்த்தார், பிறகு ரசத்தைத் தள்ளினார், பிறகு அவரும் சிரித்தார். 'தூறல் விழுந்த நேரம்' வந்தவர் மழை தூறினால் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று நனைந்தார், இன்றைக்குத்தான் என் பிறந்தநாள் என்று வருசத்தில் பத்துத் தடவை கொண்டாடலாம் என்று கணக்குச் சொன்னார். அய்யாத்துரை சார் குடையை மடக்கிக்கொண்டு வந்து, வரி வரியாய் முழுப் பட்டியலையும் படித்துவிட்டு, "நான் காதைத்தான் பார்த்தேன், அதுக்கு முந்தி நடந்ததை ஒருத்தர்ட்டயும் கேக்கலையே," என்று சொல்லி, தன் தாளையும் எடுத்து வைத்தார். அவர் தாளிலும் ஜூன் ஒண்ணுதான் இருந்தது.

கஷ்டம் வந்தது சோசியர் நமச்சிவாயத்துக்கு ஒருத்தருக்குத்தான். எல்லோரும் வரியைத் தாளில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நட்சத்திரம் கேட்டார்கள். "கம்மாய் உடைஞ்ச வருசம் எதுன்னு கேட்டா நாலு பேரு நாலு சொல்லுதான். நான் எதை வச்சுக் கட்டம் போட?" என்று அவர் புலம்பினார்.

இத்தனை பேர் தாளையும் தன் கையால் குப்புறப் போட்ட மாடத்தி, தன் தாளை மட்டும் போடவில்லை. அஞ்சாம் வகுப்போடு கொடுத்த சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில், வீட்டில் சீனி டப்பாவுக்கு அடியில் இருந்தது. பதினோரு நாளாக அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மாடத்தியைப் பெற்றதும் அவள் அம்மா போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள், பேர்கூட நான்தான் வைத்தேன் என்று வளர்த்த சித்தி சொல்வாள். சித்தியும் இப்போது இல்லை. நேரம் குறித்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பரமசிவனுக்குக் கழுத்தை நீட்டின இருபத்தேழாம் நாள், மாமனார் சாப்பிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மாமியார் தங்கபுஷ்பம் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்: நேரம் தெரியாத பிள்ளை, ஆத்தாளை முழுங்கினவள், இவள் மூலம்தான், மூல நட்சத்திரமேதான். அன்றிலிருந்து இன்றுவரை மாடத்தி கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பரமசிவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லவன்தான், அம்மாவும் பெண்சாதியும் ஒரே அறையில் இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் செண்பகத்துக்குக் காது குத்து. தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள்: "பெத்தவ கோயிலுக்குள்ள வரப்பிடாது. வெளிய வேப்பமரத்துக்குக் கீழ நிக்கட்டும். பிள்ளை அழுது ஓஞ்ச பொறவு கொண்டாந்து கொடுக்கோம்."

ஊசி ஏறும்போது பிள்ளை அம்மாவைத் தேடும். தேடினால் இருக்க மாட்டாள். மாடத்திக்கு அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. தாளை வைத்தால் விடிவு வரலாம். ஒருவேளை மாமியார் சொல்வதே உண்மை என்று வந்துவிட்டால்? அப்புறம் வேப்பமரம்தான், காலத்துக்கும் வேப்பமரம்தான்.

ஜெயசீலி அக்காவுக்கு இது தெரியும். ஒரு தடவைகூட, உன் தாளைக் கொண்டுவா என்று அவள் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, திரையைப் பார்த்தபடியே, "உனக்கு எப்ப வைக்கணும்னு தோணுதோ அப்ப வையி. வைக்காம இருந்தாலும் குத்தமில்ல. நீ வைக்குத அன்னிக்கு நான் பக்கத்துல இருக்கேன்," என்றாள். இந்த அக்கா எந்த ஊர்க்காரிக்கும் இல்லாத அக்கா என்று மாடத்தி நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கபுஷ்பமே வந்துவிட்டாள். ஒரு கையில், தூங்கட்டும் என்று மாடத்தி அன்றைக்கு வீட்டில் விட்டு வந்திருந்த செண்பகம், இன்னொரு கையில் சீனி டப்பாவுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறை. பின்னாலேயே பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோசியர். அவர்களுக்குப் பின்னால், வேடிக்கை என்றால் விடாத தெரு.

"ஊரான் தாளெல்லாம் வைக்கத் தெரியுதுல்லா, ஒந்தாளை மட்டும் ஏன் ஒளிச்சு வச்சே?" என்று உறையை மேசையில் போட்டாள் தங்கபுஷ்பம். "ஞாயித்துக்கிழமை சாமி முன்னால நிக்கப் போறோம். உள்ளது தெரிஞ்சிரட்டும். இன்னிக்கே தெரிஞ்சிரட்டும்."

ஜெயசீலி அக்கா எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "நீயே செய்யி மாடத்தி," என்றாள்.

மாடத்தி தாளைக் குப்புறப் போட்டாள். வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து போனது. ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தன் பேரை அடித்துச் சேமித்தாள், பட்டியலுக்குப் போனாள், விரலால் கீழே இறங்கி இறங்கி, கடைசி வரியில் வந்து நின்றாள். வரி வந்தது. இத்தனை நாளும் எல்லோருடைய வரியும், கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனியாய் எண்ணினாலும், முப்பதுக்குள் அடங்கியிருந்தது. இது அடங்கவில்லை. 'ஐப்பசி, செவ்வாக்கிழமை, விளக்கு' என்று வந்து, அதோடு கட்டம் முடிந்து, பக்கத்தில் மூன்று புள்ளி நின்றது.

"பாத்தீரா வே?" என்று தங்கபுஷ்பம் சோசியரிடம் திரும்பினாள். குரலில் சந்தோசம் இருந்தது என்று சொல்ல முடியாது, நினைத்தது நடந்துவிட்ட ஒரு களைப்புதான் இருந்தது. "செவ்வாக்கிழமை. விளக்கு அணைஞ்ச நேரம். வேற என்ன இருக்கும்? ஆத்தா போன நேரம்லா?"

"விளக்கு வரைக்கும்தான் இருக்கு," என்றார் சோசியர்.

"அது போதும். மிச்சம் எனக்குத் தெரியும்."

தெருக் கூட்டத்திலிருந்து கோமதியம்மாள், "ஏ மதினி, முழுசாப் பாக்காம முடிவு கட்டாதியும்," என்றாள். ஜெயசீலி அக்காவின் கை விசைப்பலகைப் பக்கம் நீண்டது, பாதியில் நின்றது, திரும்பி மடியில் போய் அமர்ந்தது. மாடத்தி அதைப் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியாததா? தெரிந்துதான் கையை எடுத்துக்கொண்டாள். தனக்கு மனசில் பதிந்து கிடப்பதும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தக் கணத்தில்தான் மாடத்திக்கு விளங்கியது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள், ஆள் முகம் பார்த்துப் பேசாதவள், அத்தனை பேர் கண்ணும் முதுகில் குத்திக்கொண்டிருக்க, பட்டியலை மூடினாள். அமைப்பு எழுதின பைலைத் திறந்தாள். அக்காவின் விரல் இறங்கின வழியிலேயே தன் விரலையும் இறக்கி, தேதிக் கட்டத்து வரிக்குப் போனாள். சதவீதக் குறியையும் 'எப்போ'வையும் தொடாமல் தாண்டினாள். அகலம் என்று இருந்த முப்பதுக்குப் பின்னால் நின்றாள். பின்னால் சென்று அழிக்கிற கட்டையை இரண்டு தடவை தட்டினாள், முப்பது போய்விட்டது. ஒரு எண்ணும் இல்லாத அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, முந்நூறு என்று அடித்தாள். சேமித்தாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பட்டியலைத் திறந்தாள்.

தேதிக் கட்டம் கதவைத் திறந்துவிட்ட மாதிரி வலது பக்கம் விலகிப் போனது. மற்றவர்கள் வரியெல்லாம் சின்னதாய் ஓரத்தில் நிற்க, மாடத்தியின் வரி மட்டும் திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நீண்டு, மடிந்து, அடுத்த வரிக்கும் இறங்கி வந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். வாய்விட்டுப் படித்தாள். அவள் குரலை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது, சன்னமாய், தெளிவாய் இருந்தது.

"ஐப்பசி, செவ்வாக்கிழமை, விளக்கு ஏத்துற நேரம், ஆத்தா பிள்ளைய வாங்கி மடியில போட்டு, கைவிரலு பத்தும் கால்விரலு பத்தும் எண்ணி முடிச்சி, காதுல மாடத்தி, மாடத்தின்னு கூப்பிட்டு, மூணாந்தரம் பிள்ளை திரும்பிப் பாத்த நேரம்."

படித்து முடித்துவிட்டு, 'திரும்பிப் பாத்த' என்ற இடத்துக்கு மறுபடி வந்து, அதைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை படித்தாள். பார்க்காமல் போனாள் என்றல்லவா சொன்னார்கள். பேரையே சித்திதான் வைத்தாள் என்றல்லவா சொன்னார்கள்.

சோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மூடினார், திறந்தார். "ஐப்பசிச் செவ்வாய்னா வருசத்துக்கு நாலு வரும். எந்த வருசம்னு இல்லாம நட்சத்திரம்..."

"நீரு சும்மா இரியும் வே," என்றாள் தங்கபுஷ்பம். அவள் கண் திரையிலேயே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த நீளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இருபது விரலையுமா எண்ணினா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"நானும் எண்ணினேன்," என்றாள் தங்கபுஷ்பம், யாரிடம் என்று இல்லாமல். "பரமசிவனுக்கு எண்ணினேன். ரெண்டு மட்டம் எண்ணினேன், ஒண்ணு கொறையுத மாதிரி இருந்திச்சி." பிள்ளை அவள் இடுப்பிலிருந்து மாடத்தியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு சிணுங்கியது. "தொண்டை காஞ்சி கெடக்கு. இங்கன தண்ணி கிண்ணி இருக்கா?"

ஜெயசீலி அக்காவின் பாட்டில் மேசையில்தான் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. மாடத்தி எழுந்து, மூடியைத் திருகி, செம்பில் ஊற்றி நீட்டினாள். தங்கபுஷ்பம் வாங்கி, அண்ணாந்து, முழுச் செம்பையும் குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "புடி இவளை, திமிறுதா," என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். தெரு வழி விட்டது. கோமதியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எலே தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கே, வா வீட்டுக்கு," என்று சமுத்திரம் அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்துக்குக் கீழே ஒருவரும் இல்லை, ஒரு ஆட்டைத் தவிர. கோயிலுக்குள்ளே ஆசாரி ஊசியைத் துடைத்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், மாடத்திக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. யார் மடி என்று ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, "பெத்தவ மடி இருக்கயில வேற மடி எதுக்கு? உக்காருட்டி," என்றாள் தங்கபுஷ்பம். பரமசிவன் தலையைச் சொறியாமல், மாடத்தி உட்காரத் துண்டை விரித்துப் போட்டான். ஜெயசீலி அக்கா கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள்.

செண்பகத்தின் ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி உண்டு, மணி உண்டு, நிமிசம்கூட உண்டு. அதை வைத்தால் கட்டம் எண்ணைத்தான் காட்டும், அதற்கு மேல் ஒரு எழுத்துச் சொல்லாது. மாடத்திக்கு அது தெரியும். அது ஏன் சொல்லவில்லை என்பதும் இந்த இரண்டு நாளில் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஆசாரி குனிந்ததும், அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஊசி ஏறப் போகிற அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சுற்றி நிற்கிறவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"புரட்டாசி. வெளிய மழை. கரண்டு போயி, நர்சம்மா செல்போன் வெளிச்சத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னாவ. ஒங்க அய்யா வாசல்ல நின்னு நனையுதாவ. நீ அழவே இல்ல தாயி. நான் பயந்துபோயி, செண்பகம், செண்பகம்னு கூப்பிட்டேன்..."

ஊசி ஏறியது. செண்பகம் ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதுகொண்டே, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தது.